விருத்தாப்பிய மறதியும் சரீரத்தின் காவலும்

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணையின் நீர் பாயும் வயல்களுக்கு இடையே அமைந்த வடக்கனந்தல் போன்ற ஊர்களில், வயது முதிர்ந்த ஒருவருக்கு விலாவிலோ இடுப்பிலோ ஒரே பக்கமாக எரிச்சலும் குத்தலும் கண்டு, அதன்மேல் கொத்துக் கொத்தாய்க் கொப்புளங்களும் கிளம்பினால், தமிழ்நாட்டின் மற்றப் பல கிராமங்களில் நடப்பதைப் போலவே, வீட்டாருக்கு முதலில் நினைவுக்கு வருவது குயவர் வீடுதான். அவர் காவி மண்ணைக் குழைத்து, கொப்புளம் கண்ட இடத்தில் சிங்கத்தின் உருவத்தை எழுதி அனுப்புவார். அக்கி எழுதுவது என்று அதற்குப் பெயர். ஆஸ்பத்திரி என்பது எரிச்சல் தாங்க முடியாமற்போன பிற்பாடு வரும் யோசனை. கொப்புளங்கள் இரண்டு மூன்று வாரங்களில் தாமாகவே வற்றிவிடும் சுபாவம் உடையவையாதலால், எழுதியவருடைய பெயரும் கெடுவதில்லை. இந்த வழக்கத்தைப் பரிகசிப்பது என் நோக்கம் அன்று. அக்கியைப்பற்றி 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞானப் பத்திரிகை வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, நம்மில் பெரும்பாலோர் அதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்திராத வேறொரு வியாதியை அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதையே சொல்ல வந்தேன். அந்த வியாதி, முதுமையில் வரும் மறதி நோய்; டிமென்ஷியா என்று வைத்தியர்கள் வழங்குவது.

வேல்ஸ் நாட்டில் 2013 செப்டம்பர் முதல் தேதியன்று முதியோருக்கு அக்கித் தடுப்பூசி போடும் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசாங்கத்தார் விசித்திரமான விதி ஒன்றை வகுத்தார்கள். 1933 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு முன் பிறந்து, ஏற்கெனவே எண்பது வயதைக் கடந்துவிட்டவர்களுக்கு ஊசி கிடையாது. அன்றைக்கோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு உண்டு. ஒரு வாரம் முன்பின்னாகப் பிறந்த இரண்டு கிழவர்களுக்கிடையே உணவிலோ கல்வியிலோ செல்வத்திலோ பேதம் இருக்க நியாயமில்லை. ஊசி ஒன்றே பேதம். ஆராய்ச்சியாளர் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய பரிசோதனையை அரசாங்கத்தின் விதியே அவர்களுக்காகச் செய்து வைத்துவிட்டது. ‘நேச்சர்’ ஆராய்ச்சியை நடத்திய பாஸ்கல் கெல்ட்ஸெட்சரும் அவருடைய சகாக்களும் இரண்டு லட்சத்து எண்பதினாயிரம் பேருக்குமேல் உள்ள வைத்தியப் பதிவேடுகளைப் புரட்டி, ஏழாண்டுக் காலக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் மறதி நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பெண்களிடம் இந்தப் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அக்கிக்கும் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம்? சிறு பிராயத்தில் சின்னம்மையாக வந்து போன வைரஸ் உண்மையில் போய்விடுவதில்லை. முதுகுத் தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, சரீரத்தின் காவல் தளரும் வயதில் நரம்பின் வழியே மேலே வருவதுதான் அக்கி. அது அவ்வாறு எழும்போதெல்லாம் மூளையிலும் ஏதோ ஓர் அழற்சி மூள்கிறது, ஊசி அதைத் தடுக்கிறது என்பது ஒரு விளக்கம். ஊசி அந்த வைரஸை அடக்குவது மட்டுமன்றித் தளர்ந்துபோன தற்காப்பு மண்டலம் முழுவதையுமே ஒருவாறு சீர்படுத்திவிடுகிறது என்பது மற்றொரு விளக்கம். இரண்டில் எது மெய் என்பது இன்னும் நிர்ணயமாகவில்லை. அக்கியின் பங்காளியான ஹெர்ப்பிஸ் வைரஸை அடக்கும் மாத்திரையை மறதி நோயின் ஒரு வகையான அல்சைமர் நோய் தொடங்கிவிட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பலன் கிட்டவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும், மறதி நோயை மூளை என்னும் ஒரே உறுப்பின் தனிக் கேடாக இனிமேல் பேசிக்கொண்டிருக்க முடியாது. இது தேகம் முழுவதும் பரவியிருக்கும் காவலின் கதையும்கூட. அப்படியானால், வெவ்வேறு தொற்றுகளோடு ஆயுள் முழுவதும் போராடி முதுமையை அடையும் நம் ஜனங்களிடம்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மறதி நோயில் சரீரத்தின் காவலுக்கும் பங்குண்டு என்ற இந்தச் சித்தாந்தம் நேற்று முளைத்ததன்று. 1906ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய மனநோய் வைத்தியர் சபையில், அலாய்ஸ் அல்சைமர் என்பவர், ஞாபகம் அழிந்து இறந்த அவுகுஸ்தே என்ற பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து கண்டதை எடுத்துரைத்தார். சபையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். நரம்பணுக்களுக்கு வெளியே படிந்திருந்த படிவுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட நார்களையும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது; அவற்றைச் சுற்றிலும் இருந்த க்ளியா என்னும் துணை அணுக்களின் மாறுதல்களையும் அவர் குறிப்பிட்டிருந்தது வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1919இல் ஸ்பெயின் தேசத்து பீயோ டெல் ரியோ ஒர்த்தேகா அந்தத் துணை அணுக்களில் ஒரு தனி வகுப்பைப் பிரித்துக் காட்டி மைக்ரோக்ளியா என்று பெயரிட்டார். மூளையிலேயே குடியிருந்து, கழிவை விழுங்குவதும் கிருமியை எதிர்ப்பதும் தொழிலாகக் கொண்ட அணுக்கள் அவை. ஆனால் மூளை என்பது சரீரத்தின் மற்றப் பாகங்களிலிருந்து மதில் எழுப்பிப் பிரிக்கப்பட்ட ராஜதானி, அங்கே எதிர்ப்பு மண்டலத்துக்குப் பிரவேசமே இல்லை என்ற நம்பிக்கை பாடப் புத்தகங்களில் ஆழ வேரூன்றியிருந்தது. மூளையைப் போர்த்தியுள்ள சவ்வுகளில் நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன என்பதை வெர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் இருந்த இரு குழுவினர் 2015இல்தான் நிலைநாட்டினார்கள் என்றால், அந்த நம்பிக்கையின் பிடிவாதம் எத்தகையது என்பது விளங்கும்.

இந்த மைக்ரோக்ளியா நல்லதா, கெட்டதா என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. மலைக்கொல்லையில் சாமையும் தினையும் கதிர் பிடிக்கும் பருவத்தில் பரண்மேல் ஏறிக் காவல் இருப்பவன், கவணில் கல்லை வைத்துச் சுழற்றிக் கிளியை விரட்டுகிறான். கிளி பறந்துவிட்ட பிறகும் கை ஓயாமல் எறிந்துகொண்டே இருந்தால், அந்தக் கற்கள் விழுவது கதிரின்மேல்தான். இளம் மூளை வளரும்போது, வேண்டாத நரம்பிணைப்புகளைக் களைந்து ஒழுங்குபடுத்துவது இதே மைக்ரோக்ளியாவின் வேலை. ஹார்வர்டைச் சேர்ந்த பெத் ஸ்டீவன்ஸ் குழுவினர் எலிகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அல்சைமர் நோயின் ஆரம்ப கட்டத்தில் அந்தக் களையெடுப்பு வேலை மறுபடி தொடங்கி, இருக்க வேண்டிய இணைப்புகளையும் தின்றுவிடுகிறது என்று காட்டியது. நேர்மாறான சான்றும் உண்டு. 2013இல் ஐஸ்லாந்திலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த மரபணு ஆராய்ச்சிகள், மைக்ரோக்ளியாவைச் சுறுசுறுப்பாக்கும் ‘டிரெம்2’ என்னும் புரதத்தில் ஒரு சிறு பிழை இருப்பவர்களுக்கு அல்சைமர் வரும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தெரிவித்தன. அதாவது, காவல் சோர்ந்தாலும் தீங்கு, மிஞ்சினாலும் தீங்கு. எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்ற காலக் கணக்கே இங்கே முக்கியம்.

இதை நம் ஊர்க் கடைத்தெருவோடு பொருத்திப் பார்க்கையில் எனக்குச் சிரிப்பும் கவலையும் ஒருங்கே வருகின்றன. கொரோனாவுக்குப் பிற்பாடு, நோய் எதிர்ப்பு சக்தியை வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பொடி, லேகியம், மாத்திரை, பானம் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. எதிர்ப்பு சக்தி என்பது வங்கிக் கணக்கில் உள்ள பணம், எவ்வளவுக்கு எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு நன்மை என்று விளம்பரக்காரர்கள் ஜனங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பு சக்தி மிகுந்து போனதனாலேயே மூட்டு வீங்கிப் படுத்திருப்பவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு என்பதை யாரும் அவர்களுக்கு நினைவூட்டுவதில்லை. மறதிக்கு மருந்து என்று சொல்லி இந்தச் சரக்கையே வேறு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவரும் நாள் தூரத்தில் இல்லை. அப்படி வருபவரிடம், எந்த அணுவை, எந்த வயதில், எவ்வளவு தூண்டுகிறீர்கள் என்று கேட்பதற்கு வாசகர்கள் இப்போதே தயாராக இருக்கலாம்.

விற்பனைக்காரர்கள் இருக்கட்டும், மெய்யான விஞ்ஞானிகளே இந்தப் பாதையில் பலமுறை தடுக்கி விழுந்திருக்கிறார்கள். கனடாவின் வான்கூவர் நகரத்தைச் சேர்ந்த பாட்ரிக் மக்கீர், முடக்குவாத நோயாளிகளிடம் அல்சைமர் அரிதாகக் காணப்படுகிறதே, அவர்கள் ஆண்டுக் கணக்கில் விழுங்கும் அழற்சி நீக்கி மருந்துகள்தாமோ காரணம் என்று ஐயுற்றார். அந்த ஐயத்தின்மேல் கட்டப்பட்ட பெரிய பரிசோதனை ஒன்றில், முதியோருக்கு நாப்ராக்ஸனும் செலிகாக்ஸிபும் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ஆபத்து வருமோ என்ற அச்சத்தால் 2004 டிசம்பரில் மருந்தை நிறுத்த நேர்ந்தது, மறதியைத் தடுத்ததாகவும் தெரியவில்லை. மூளையில் படியும் அமிலாய்டு என்னும் புரதத்துக்கு எதிராக உடலையே ஏவிவிடும் தடுப்பூசி ஒன்றை முயன்றபோது, ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளை அழற்சி உண்டாகி, 2002 ஜனவரியில் அதுவும் கைவிடப்பட்டது. இன்று மேனாடுகளில் அனுமதி பெற்றுள்ள லெக்கானெமாப், டோனானெமாப் ஆகியவை அந்த யோசனையின் வாரிசுகள். வெளியே தயாரித்த எதிர்ப்புப் புரதத்தை ரத்தக் குழாயில் ஏற்றி, மைக்ரோக்ளியாவைக் கூப்பிட்டுப் படிவைத் தின்னச் செய்வது அவற்றின் உபாயம். படிவு குறைகிறது என்பது உண்மை. ஆனால் லெக்கானெமாப் பதினெட்டு மாதங்களில் நோயின் நடையை ஏறத்தாழ 27 சதவீதம் மட்டுப்படுத்தியதே தவிர, போன ஞாபகத்தை மீட்டுத் தரவில்லை. மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் நேரலாம் என்பதால் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்க வேண்டும். கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வந்து இந்தச் சிகிச்சையைப் பெறுவது எப்படி என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்ளலாம்.

மலையிலும் அடிவாரத்திலும் இருப்பவர்களுக்கு இந்த ஆராய்ச்சிகளால் இன்றைக்கே ஆகக்கூடிய பிரயோஜனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. உடம்பின் எந்த மூலையில் அழற்சி மூண்டாலும் அதன் செய்தி மூளைக்கு எட்டுகிறது; ஏற்கெனவே வயதால் தளர்ந்த மூளையில் மைக்ரோக்ளியா அளவுக்கு மீறிப் பதறுகிறது. ஆகையினால், நேற்றுவரை மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பேரனுக்குச் சோறூட்டி நன்றாயிருந்த ஒரு பாட்டி, இரண்டே நாட்களில் ஆளடையாளம் தெரியாமல், இரவு பகல் புரியாமல் பிதற்றத் தொடங்கினால், அது மறதி நோய் அன்று. சிறுநீரில் தொற்றோ, நுரையீரலில் சளியோ, வேறு ஏதேனும் காய்ச்சலோ உள்ளே இருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். முதியவர்களுக்குக் காய்ச்சல் அனலாகத் தெரியாமலேகூட இது நேரும். மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் ஊர்ந்து வருவது. இதுவோ திடீரென்று வருவது, மணிக்கு மணி ஏறி இறங்குவது, உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தீர்வது. “வயசாயிடுச்சு, மூளை கலங்கிடுச்சு” என்று சொல்லித் திண்ணையில் கிடத்திவிடும் வீடுகளில், தீர்க்கக்கூடிய நோய் தீராமலே உயிரைக் கொண்டுபோய்விடுகிறது. தாமதத்துக்கு அன்பின்மை காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்; இரவும் பகலும் அவர்களுக்குப் பணிவிடை செய்து அலுத்துப்போன மருமகள்களிடம் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை என்பதே காரணம்.

இன்னும் அரிதான, ஆனால் இதைவிட வியப்பான ஒரு வகுப்பு உண்டு. சரீரத்தின் எதிர்ப்புப் புரதங்கள் தம் சொந்த மூளையின் அணுக்களையே பகையென்று மயங்கித் தாக்கும் நோய்கள் அவை. அவற்றுள் முக்கியமான ஒன்றை 2007இல் ஜோசப் டால்மாவ் என்ற நிபுணர் அடையாளம் கண்டார். அந்நோயால் இளம் பெண் ஒருத்தி திடீரென்று பிதற்றுவதும், விறைத்துப்போவதும், வலிப்பு வருவதுமாக இருந்தால் நம் ஊர்களில் அவள் போய்ச் சேரும் இடம் பூசாரியின் முன்றில். முதியவர்களிடம் காணப்படும் மற்றொரு வகையில், முகமும் கையும் ஒரே பக்கமாக நொடிப்பொழுது வெட்டி இழுக்கும். கூடவே ஞாபகம் வேகமாகச் சரியும். இரண்டுக்கும் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்துகள் உண்டு, இரண்டிலும் போன புத்தி திரும்பி வந்த நோயாளிகள் ஏராளம். மறதி என்று பெயர் சூட்டிவிட்ட பிறகு ஒரு மனிதரை யாரும் பரிசோதிப்பதில்லை என்ற நம் வழக்கம் எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆராய்ச்சிக்கு வருகிறேன். இந்திய முதியோரைப்பற்றிய தேசிய ஆய்வு ஒன்றின் கணக்குப்படி, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. 2023இல் வெளிவந்த அந்தக் கணக்கில் நகரங்களில் 5.3 சதவீதமும் கிராமங்களில் 8.4 சதவீதமும் காணப்படுகின்றன. இதற்கு நேர்மாறாக, அரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இந்திய அமெரிக்க நிபுணர்கள் சென்ற நூற்றாண்டின் இறுதியில் செய்த ஆய்வு, உலகத்திலேயே அல்சைமர் மிகக் குறைவாகத் தோன்றும் இடங்களில் அதுவும் ஒன்று என்று கண்டது. செங்கல்பட்டுப் பக்கத்துத் திருப்போரூரில் சென்னை நிபுணர்கள் அதே காலத்தில் கண்டது 3.5 சதவீதம். இத்தனை வேற்றுமை எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி, அளக்கும் முறையிலிருந்து வந்தது. பள்ளிக்கூடம் போகாத, கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்மணி ஒருவரிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டு, அவர் சொல்லாவிட்டால் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்வது என்ன நியாயம்? தேதி அவருக்கு என்றைக்குமே தேவைப்பட்டதில்லை. ஆடி பிறந்து எத்தனை நாள், கடுக்காய் எந்தப் பருவத்தில் உதிரும், எந்த ஓடை எப்போது வற்றும் என்று கேட்டால் நம்மைத் திணற அடிப்பார். பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று இந்தியில் தனித் தேர்வு வகுத்தார்கள். ‘10/66’ என்ற பெயரில் 1998இல் கொச்சியில் உருவான ஆராய்ச்சிக் குழு, வேலூரையும் சென்னையையும் தன் களங்களாகக் கொண்டு இந்தச் சிக்கலுக்கே பரிகாரம் தேடியது. நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் ஏழை நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடப்பதில்லை என்ற குறையைத்தான் அந்தப் பெயர் சுட்டுகிறது.

வேற்றுமையின் மற்றொரு பகுதியை எதிர்ப்பு மண்டலம் விளக்கக்கூடும் என்று சிலர் கருதுகிறார்கள். பொலிவியாவின் காடுகளில் வாழும் சீமானே ஜனங்களிடம், அல்சைமருக்கு வித்தென்று கருதப்படும் ‘அபோஇ4’ மரபணு உடையவர்களில், குடற்புழு முதலிய தொற்று மிகுந்தவர்களின் அறிவாற்றல் கெடாமல் நன்றாகவே இருந்ததாக 2017இல் ஓர் ஆய்வு கூறியது. இதைக் கேட்டவுடன், கல்வராயன் மலை ஜனங்களும் அப்படித்தான், மண்ணோடும் புழுவோடும் வாழ்வதால் அவர்கள் மறதி அறியாதவர்கள் என்று ஒரு காவியம் பாடிவிடச் சிலருக்கு ஆவல் எழும். அந்த ஆவலை அடக்கிக்கொள்வது நல்லது. 1976வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்து, சாலையும் பள்ளியும் மருத்துவமும் மற்றவர்களுக்குப் பின் வெகு தாமதமாகப் பெற்ற ஜனங்களிடம் முதுமையை எட்டியவர்களே குறைவு. எட்டியவர்களை எண்ணிவிட்டு, எட்டாமல் போனவர்களைக் கணக்கில் விட்டுவிட்டு, வறுமையை மருந்தாகப் புகழ்வது அறிவும் அன்று, அறமும் அன்று.

இந்த இடத்தில்தான் வேல்ஸ் ஆராய்ச்சியின் உண்மையான மூலதனம் எது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அது ஊசியன்று, பிறந்த தேதி. நம் மலைக் கிராமங்களிலும் அடிவாரத்திலும் முதியவர்களுடைய ஆதார் அட்டைகளை வாங்கிப் பார்த்தால், ஜனவரி முதல் தேதியன்று பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் கண்டு ஜோதிடர்களே திகைப்பார்கள். வாரக் கணக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஆராய்ச்சி இங்கே செல்லாது. இந்தியாவில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு அனுமதிக்கப்பட்டிருக்கும் அக்கித் தடுப்பூசி இரண்டு தவணைக்கும் சேர்த்துப் பல்லாயிரம் ரூபாய் பிடிக்கிறது. கரும்பு வெட்டும் கூலிக்காரருக்கு அது பெயரளவில்தான் உண்டு. அரசாங்கம் அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று உடனே முழங்க நான் விரும்பவில்லை. நம் ஜனங்களிடம் அது என்ன செய்யும் என்பதை அறியாமல் அத்தனை பொருளைச் செலவிடச் சொல்வது பொறுப்பாகாது. ஆனால் அறிந்துகொள்ளும் வழிகள் நம் கையிலேயே இருக்கின்றன.

ஒரு வழி, நம் பழைய தென்னார்க்காட்டின் வழியே போகிறது. மக்கீர் 1992இல் ஜப்பானியக் குஷ்டரோக விடுதிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து, டாப்ஸோன் என்ற மருந்தை இடைவிடாது உட்கொண்டு வந்த முதியவர்களிடம் மறதி நோய் குறைவு என்று எழுதினார். டாப்ஸோன் கிருமியைக் கொல்வதோடு அழற்சியையும் தணிப்பது. பின்னர் வந்த ஆய்வுகள் ஒரு முகமாக இல்லை. அதனாலேயே கேள்வி இன்னும் திறந்திருக்கிறது. அந்த மருந்தைக் குஷ்ட நோய்க்கு முதல் முதலாகக் கையாண்டவர்களுள் ஒருவர், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் விடுதியை நடத்திய ராபர்ட் காக்ரேன். 1940களின் நடுவில் நடந்தது அது. விழுப்புரத்துப் பக்கத்து மழவந்தாங்கலில், தாமே அந்நோயின் துன்பத்தை அநுபவித்தவரான டி. என். ஜகதீசன் கஸ்தூரிபா குஷ்ட நிவாரண நிலையத்தை நிறுவினார். மாத்திரையைப் பல்லாண்டுகள் விழுங்கியவர்கள் இத்தனை பேர் இருந்த மாநிலத்தில், ஜப்பானில் கேட்ட கேள்வியை ஒருவரும் கேட்காமல் விட்டுவிட்டோம்.

மற்றொரு வழி இன்னும் பெரியது. 1968இல் தொடங்கி, திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேருக்கு, சீட்டுக் குலுக்கியது போன்ற முறையில், சிலருக்கு பி.சி.ஜி. ஊசியும் சிலருக்கு வெறும் ஊசியும் போடப்பட்டது, செங்கல்பட்டு பி.சி.ஜி. பரிசோதனை என்று உலகம் அதை அறியும். நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்ற முடிவு வந்ததும், அந்தப் பெரிய முயற்சி தோல்வி என்று ஒதுக்கப்பட்டது. இப்போதோ ஜெருசலேமிலும் அமெரிக்காவிலும், மூத்திரப்பைப் புற்றுநோய்க்காக பி.சி.ஜி. பெற்றவர்களிடம் அல்சைமர் குறைவாக இருப்பதாக ஆராய்ச்சிகள் வருகின்றன. சென்னைச் சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் கொரோனாக் காலத்தில் முதியவர்களுக்கு பி.சி.ஜி. போட்டு, அவர்கள் ரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் தணிந்ததை 2021இல் வெளியிட்டார்கள். செங்கல்பட்டில் அன்று பத்து வயதுச் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கிறார்கள். மறதி தோன்றும் பருவம் அவர்களுக்கு இப்போதுதான் தொடங்குகிறது. பழைய பதிவேடுகளைத் தேடியெடுத்து, அவர்களில் உயிரோடு இருப்பவர்களை அவரவர் சம்மதத்துடன் பரிசோதித்தால், யார் ஊசி பெற்றார், யார் பெறவில்லை என்பது சந்தேகத்துக்கு இடமின்றி முன்னமே எழுதி வைக்கப்பட்ட, அவ்வளவு பெரிய கூட்டம் உலகத்தில் வேறெங்கும் கிடைப்பது அரிது. காசநோய்க் கிருமியோடு எல்லோருமே உறவாடும் நாட்டில் பி.சி.ஜி.யால் மேற்கொண்டு நன்மை ஏதும் இல்லை என்று முடிவு வரலாம். வரட்டும், அதையும் நாமே கண்டறிந்து உலகத்துக்குச் சொல்வோம்.

மூன்றாவது வழி மிகச் சிறியது, இந்த மலையடிவாரம் அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கே உரியது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர் ஒவ்வொருவரும், தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி, முதலாண்டு முதலே சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்களுடைய சுகநலத்தைப் பின்தொடர வேண்டியவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். இந்த இருவர் கையிலும் உள்ள தாள்களில், முதியவருக்கு அக்கி எப்போதாவது வந்ததா, எந்த வயதில், எந்தப் பக்கம், கடந்த ஓராண்டில் திடீரென்று புத்தி தடுமாறியதா, அப்போது காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்ததா, ஆடி பிறந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் சொல்கிறாரா என்ற சில வரிகளைச் சேர்க்கலாம். அக்கி எழுதும் குயவரையும் விட்டுவிட வேண்டியதில்லை. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதை நினைவில் வைத்திருப்பவர் ஊரில் அவரைவிட வேறொருவர் இல்லை. கண்ணில் அக்கி வந்தவரையும், வந்து மூன்று நாளாகாதவரையும் உடனே சிறுவங்கூருக்கு அனுப்பும்படி அவரிடமே சொல்லி வைக்கலாம், ஏனெனில் வைரஸை அடக்கும் மாத்திரை அந்த மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்கு வேலை செய்கிறது. இதற்குத் தனி மானியமோ தனிச் சட்டமோ வேண்டாம். கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையும் மாவட்டச் சுகாதார அலுவலகமும் ஒருநாள் உட்கார்ந்து பேசி, அடுத்த கல்வியாண்டு மாணவர்கள் ஊருக்குள் கால் வைக்கும் முன் அந்தத் தாளை அச்சிட்டுக் கொடுத்தால் ஆகிவிடும்.